அந்தோனியோ மச்சின் - கடலைக்காரனாக வந்த பாடகர்

பழைய இசைத்தட்டுப் பதிவுகளைத் தேடிக் கேட்பது என் வார இறுதிப் பழக்கம். மென்பொருள் எழுதிப் பிழைப்பவனுக்கு எதையும் எண்ணிப் பார்க்கும் புத்தி போவதில்லை. பாட்டு என்றாலும் முதலில் தாளத்தைத்தான் எண்ணுவேன். அப்படி எண்ண வைத்தவற்றில் முக்கியமானது, 1930-ல் நியூயார்க்கில் பதிவான 'எல் மனிசேரோ' என்ற கியூபப் பாட்டு. கடலை விற்பவன் என்று பொருள். பாடியவர் அந்தோனியோ மச்சின்.

மச்சின் 1903-ல் கியூபாவில் சாகுவா லா கிராண்டே என்ற ஊரில் பிறந்தார். தந்தை ஸ்பெயினிலிருந்து குடியேறியவர். தாய் கறுப்பினப் பெண். உலகம் அறிந்த 'மச்சின்' தாய்வழி வந்த பெயர். இளவயதில் கொத்தனார் வேலை பார்த்தவர், 1920-களின் நடுவில் ஹவானாவுக்கு வந்து கிதார் கலைஞர்களோடு சேர்ந்து பாடத் தொடங்கினார். அங்கே பணக்காரர்கள் கூடும் தேசியக் கசினோவில் இசைக்குழு நடத்திய தோன் அஸ்பியாசு, அவரைப் பாடகராகச் சேர்த்துக்கொண்டார். கறுப்பர் ஒருவர் அந்த மேடையில் பாடுவது அன்று வழக்கத்தில் இல்லாத காரியம்.

மோயிசஸ் சிமோன்ஸ் இயற்றிய 'எல் மனிசேரோ'வை ரீத்தா மொன்தானேர் என்ற பாடகி ஏற்கெனவே இசைத்தட்டில் பாடியிருந்தார். 1930 ஏப்ரலில் அஸ்பியாசு குழு நியூயார்க்கின் பாலஸ் அரங்கில் அதை நிகழ்த்தியபோது, மச்சின் தெருவியாபாரி வேடத்தில் வந்து, பார்வையாளர்களை நோக்கிக் கடலையை வீசியபடி பாடினார் என்பார்கள். அடுத்த மாதமே விக்டர் நிறுவனம் பதிவு செய்தது. 1931-ல் அமெரிக்கா எங்கும் அந்தப் பாட்டுதான்.

அதன் கட்டுமானம் மிக எளிமையானது. மேஜர் ஸ்கேல், அதாவது நம் சங்கராபரணத்தின் சுரங்கள். பெரும்பாலும் இரண்டே கார்டுகள் மாறி மாறி வருகின்றன. வேகம் ஓட்டமும் இல்லை, தூக்கமும் இல்லை. தலைச்சுமையோடு தெருவில் போகிறவனின் நடை. அடியில் 'கிளாவே' என்ற இரண்டு மரக்கட்டைகளின் ஒலி. ஒரு சுற்றைப் பதினாறு கட்டங்களாகப் பிரித்தால் ஐந்தில் மட்டும் அடி விழும், ஒரு பாதியில் இரண்டு, மறுபாதியில் மூன்று. இந்தச் சமமின்மைதான் இரண்டு கார்டுகளையும் அலுக்காமல் வைத்திருக்கிறது.

உணர்வு? கேட்டவுடன் குதூகலம். ஆனால் பாட்டில் இருப்பவன் காகிதக் கூம்பில் கடலையை வைத்துக்கொண்டு வீட்டுப் பெண்களைக் கூவி அழைக்கிறான். கடலை தீருமுன் வாங்கச் சொல்கிறான். கடைசியில் விடைபெற்றுப் போய்விடுகிறான். விற்றே ஆகவேண்டியவனின் உற்சாகம் அது.

இசைத்தட்டில் 'ரும்பா' என்று அச்சிட்டார்கள். உண்மையில் அது 'சொன்' என்ற வகை. தெருவியாபாரியின் கூவலை வைத்துக் கட்டப்பட்டது. கியூபாவில் ரும்பா என்பது ஹவானா, மத்தான்சாஸ் நகரங்களின் ஏழைக் குடியிருப்பு முற்றங்களில் முரசும் குரலுமாகப் பிறந்த கறுப்பர்களின் இசை. விற்பனைக்கு வசதியான பெயர் ஒட்டிக்கொண்டது.

பாட்டின் புகழில் மச்சின் தங்கிவிடவில்லை. நியூயார்க்கில் நால்வர் குழு அமைத்து ஏராளமாகப் பதிவு செய்தார். 1930-களின் நடுவில் ஐரோப்பா போனார். 1939-ல் போர் மூண்டபோது பாரீஸை விட்டு ஸ்பெயினுக்குச் சென்றார். உள்நாட்டுப் போர் முடிந்து பிராங்கோவின் ஆட்சியும் பசியும் நிலவிய நாடு. அங்கேயே செவில்யா நகரப் பெண்ணை மணந்து, பொலேரோ பாடல்களால் மீண்டும் புகழ் பெற்றார்.

அங்கே அவர் பாடிப் பிரபலமானது 'அங்கெலிதோஸ் நெக்ரோஸ்', அதாவது கறுப்புக் குட்டி தேவதைகள். வெனிசுவேலா கவிஞர் அந்திரேஸ் எலோய் பிளாங்கோவின் கவிதை. தேவாலயச் சுவரில் தேவதைகளை வரையும் ஓவியனிடம், கறுப்பு தேவதைகளை ஏன் வரைவதில்லை என்று கேட்கும் பாட்டு. வியாபாரி வேடத்தில் நியூயார்க் மேடையேறிய அதே மனிதர், வேடம் எதுவும் இல்லாமல் கேட்ட கேள்வி இது. மெல்லிய, கெஞ்சும் குரலில் கேட்டதால் அந்த ஸ்பெயினிலும் அதைப் பாட முடிந்தது என்று நினைக்கிறேன்.

மச்சின் 1977-ல் மத்ரித்தில் காலமானார். செவில்யாவில் அடக்கம் செய்யப்பட்டார். அந்நகரில் அவருக்குச் சிலையும் உண்டு. அமெரிக்க நாடாளுமன்ற நூலகம் 2005-க்கான தன் பாதுகாப்புப் பட்டியலில் 'எல் மனிசேரோ' பதிவைச் சேர்த்தது.

வாய்ப்புக் கிடைத்தால் இரண்டு பாட்டுகளையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். முதலாவதில் கால் தாளம் போடும். இரண்டாவதில் நின்றுவிடும்.