ஒளியில் வடித்த முகங்கள்: ஜூலியா மார்கரெட் கேமரூன் வாழ்வு

ஜவ்வாது மலையின் காவலூர் வானாய்வகத்தில் ஒளிப்படத் தகட்டின் துணையால் 1988இல் கண்டறியப்பெற்ற சிறுகோள் ஒன்று, கணித மேதை இராமானுசனின் பெயரைத் தாங்கி வலம் வருகிறது. தகட்டில் விழுந்த ஒளியை அழியாது நிலைநிறுத்துவது ஹைப்போ. அது வெள்ளி உப்புகளைக் கரைக்கும் என்பதை 1819இல் கண்டவர் வானியல் அறிஞர் ஜான் ஹெர்ஷல். அவருடைய நெடுநாள் தோழியாய் விளங்கி, அதே ஒளிப்படக் கலையால் மனித முகத்துக்குப் புதுப்பொருள் தந்தவர் ஜூலியா மார்கரெட் கேமரூன் அம்மையார்.

அம்மையார் 1815ஆம் ஆண்டு ஜூன் 11ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். தந்தையார் கிழக்கிந்தியக் கும்பினி அலுவலர். தாயார் பிரெஞ்சு மரபினர். 1836இல் நன்னம்பிக்கை முனையில் ஹெர்ஷலின் நட்பு வாய்த்தது. 1838இல் சட்ட அறிஞர் சார்லஸ் ஹே கேமரூனை மணந்தார். 1848இல் இங்கிலாந்து சென்ற குடும்பம், 1860இல் வைட் தீவில் குடியேறியது.

1863 டிசம்பரில் மகள் ஒளிப்படக் கருவி ஒன்றைப் பரிசளித்தபோது அம்மையாருக்கு அகவை 48. கோழிக்கூடு கண்ணாடி அறையாயிற்று. நிலக்கரி அறை இருட்டறையாயிற்று. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன் படமெடுத்துக் கழுவவேண்டிய கடும்பணி அது. எதிரில் அமர்ந்தவரோ நெடுநேரம் அசையாதிருத்தல் வேண்டும். ஹெர்ஷல், டார்வின், டென்னிசன் ஆகியோர் அவ்வாறு அமர்ந்தனர்.

அக்காலச் சீமாட்டியர் இடையை இறுக்கும் கச்சும், வளையங்களால் விரிந்த பாவாடையும் அணிந்து நின்ற சிற்றளவுப் படங்களைத் தொகுப்பேடுகளில் சேர்த்து மகிழ்வது பெருவழக்காய் இருந்தது. அப்படங்களில் ஆடை பேசிற்று, முகம் மறைந்தது. அம்மையார் அவ்வழக்கினின்று விலகினார். கூந்தலை அவிழச் செய்து, எளிய போர்வையை மடிப்புற அணிவித்து, முகத்தை அண்மையில் நின்று எடுத்தார். 1867இல் எடுத்த உடன்பிறந்தாள் மகள் ஜூலியா ஜாக்சனின் படமும், பணிப்பெண் மேரி ஹில்லியரைக் கன்னி மரியாளாக்கிய படங்களும் இன்றும் போற்றப்பெறுகின்றன. படங்கள் தெளிவற்றன என்று பலர் பழித்தனர். எனினும் 1865இலேயே சௌத் கென்சிங்டன் அருங்காட்சியகம் அவற்றை விலைகொடுத்து வாங்கியது.

1875இல் கணவருடன் இலங்கைக்குப் பெயர்ந்தார். 1877இல் களுத்துறை இல்லத்துக்கு வந்த ஓவியர் மரியான் நார்த்துக்கும் போர்வை சுற்றி, கூந்தலை அவிழ்த்துப் படமெடுத்தார். அங்கு வாழ்ந்த பணியாளரையும் தொழிலாளரையும் எடுத்தார். அவர்களுள் தமிழரும் இருந்தனர் என்பர். இலங்கைப் படங்களுள் எஞ்சியவை முப்பதுக்கும் குறைவே. 1879ஆம் ஆண்டு ஜனவரி 26ஆம் நாள் டிக்கோயாப் பள்ளத்தாக்கில் மறைந்தார். பொகவந்தலாவைத் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பெற்றார்.

இங்கிலாந்தில் பணிப்பெண்ணின் பெயரும் படத்தோடு வாழ்கிறது. இலங்கையில் அதே பரிவோடு எடுக்கப்பெற்ற முகங்களுக்குரியோர் பெரும்பாலும் பெயரின்றியே நிற்கின்றனர். காவலூர்த் தகட்டில் புள்ளியாய்ப் பதிந்த சிறுகோளுக்குக்கூடப் பெயர் கிடைத்தது. அம்மையாரின் தகட்டில் முழுமுகம் காட்டி நின்ற அப்பெண்டிர்க்கோ அது கிடைக்கவில்லை. அம்மையாரின் கலையைப் போற்றுவோர் இக்குறையையும் உடன் நினைத்தலே நேர்மையாகும்.