கணியன் தந்த கோவிந்தசாமியார்

உத்திரமேரூர் வைகுந்தப் பெருமாள் கோயிற் சுவரின் முன் நிற்போர்க்கு முதலிற் புலப்படுவது எழுத்தின் ஒழுங்கேயாகும். முதற் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-இலும் 921-இலும், அவ்வூர்ச் சபையார் குடவோலை முறையை வகுத்து அங்கே கல்வெட்டுவித்தனர். வாரியஞ் செய்வோர் 30 முதல் 60 வரை வயதுடையராதல் வேண்டும் என்று முதலில் வரையறுத்தவர், ஈராண்டு சென்றபின் மீளவுங் கூடி, 35 முதல் 70 என்று மாற்றினர். விதி திருந்திற்று, அதனைப் பொறித்த எழுத்தோ எல்லார்க்கும் ஒன்றாகவே இருந்தது.

அதே ஊரில், 1990-களின் இறுதியில், நமக்கு நேர்ந்த ஓர் இடர் இப்பெரியாரைப் பற்றி எழுதத் தூண்டிற்று. ஊர்த் திருவிழா மலரொன்றிற்கு நாம் எழுதிய கட்டுரையைக் கடைத்தெருவிலிருந்த டி.டி.பி. நிலையத்தில் தட்டெழுத்திட்டு, ஃபிளாப்பித் தட்டில் ஏற்றிக் காஞ்சிபுரத்து அச்சகத்திற் கொடுத்தோம். அங்கே திறந்து பார்த்தபோது தமிழ் ஒரு வரிகூட இல்லை. ஆங்கில எழுத்துக்களும் கொம்பும் கோடுமாகப் பக்கம் நிறைந்திருந்தது. இருவரிடமும் இருந்தவை வெவ்வேறு எழுத்துருக்கள். முழுவதையும் மறுபடி அடித்ததன்றி வேறு வழி காணோம். அந்நாளில் தமிழ் எழுதிய ஒவ்வொருவரும் இதனை ஒருமுறையேனும் பட்டறிந்திருப்பர்.

இக்குழப்பத்தைத் தம் வாழ்நாட் பணியாகக் கொண்டு எதிர்த்தவருள் முன்னின்றவர் சிங்கப்பூர் நா. கோவிந்தசாமியார். 1946-ஆம் ஆண்டு அந்நகரிற் பிறந்து, பள்ளியாசிரியராகத் தொண்டாற்றிப் பின்னர் நன்யாங் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தேசியக் கல்விக் கழகத்தில் விரிவுரையாளராக விளங்கியவர். சிறுகதை வல்லார், 1994-இல் தென்கிழக்காசிய எழுத்தாளர் விருது அவரைச் சேர்ந்தது. பொறியியல் பயின்று கணிப்பொறிக்கு வந்தாரல்லர். தாம் எழுதுவதும் தம் மாணாக்கர் எழுதுவதும் தமிழாக இருத்தல் வேண்டும் என்ற தேவையே அவரை அதனுட் செலுத்திற்று. எழுத்தாளர் ஒருவர் தம் எழுதுகோலைத் தாமே செய்துகொள்ளப் புகுந்தமை போன்றது இது.

அவர் ஆக்கிய எழுத்துமுறைக்குக் கணியன் என்று பெயரிட்டார். கணிப்பொறியையும் பூங்குன்றனாரையும் ஒருங்கே நினைவூட்டும் பெயர். வைத்தவர் இலக்கியம் அறிந்தவர் என்பதற்கு வேறு சான்று வேண்டா. சிங்கப்பூர்த் தேசியப் பல்கலைக்கழகத்து டான் டின் வீ முதலியோருடன் கூடி, அந்நாட்டின் நான்கு ஆட்சிமொழிகளிலும் அமைந்த கவிதைத் தொகுதியை உலக வலையில் ஏற்றினார். 1995 அக்டோபரில் குடியரசுத் தலைவர் ஓங் டெங் சியோங் அதனைத் தொடங்கி வைத்தார். தமிழ் எழுத்து வலையில் தோன்றிய முதற் பக்கங்களுள் அது ஒன்று. இன்று நாம் நாடோறும் வழங்கும் இணையம் என்னுஞ் சொல்லை ஆக்கியவரும் அவரே என்பர்.

அக்காலத்து வாதத்தின் கடுமையை இந்நாள் மாணவர் அறிதல் நன்று. விண்டோஸ் வைத்திருப்போர் ஒருபுறம், மாக்கின்டாஷ் வைத்திருப்போர் ஒருபுறம், யூனிக்ஸ் பயில்வோர் ஒருபுறமாக நின்றனர். ஒன்றில் எழுதியது மற்றொன்றில் உருமாறிற்று. அக்காலத்து எழுத்துருவொன்றில் இருந்தவை 256 இடங்கள். முற்பாதியை ஆங்கிலம் கொண்டது. எஞ்சிய 128-இலும் சில இடங்களை இயங்குதளங்கள் தமக்கென்று வைத்துக்கொண்டன. நம் எழுத்தோ 247. எவ்வெழுத்தை முழுதாக வைப்பது, எதனை உறுப்புக்களாகப் பிரித்துக் கூட்டுவது என்பதில் ஆளுக்கொரு தீர்ப்புச் சொன்னார்கள். விசைப்பலகையிலும் இதே நிலைதான். பழைய தட்டச்சுப் பொறியிற் கை பழகியவர் அதனை விட மறுத்தனர். அயல்நாடுகளில் வாழ்ந்தோர் பலர் ஆங்கில எழுத்தால் ஒலியைத் தட்டித் தமிழ் பெறுவதே எளிதென்றனர். உயிரும் மெய்யுமாக இலக்கணம் பிரித்த வழியே பலகையும் அமைய வேண்டும், குழந்தைக்குக் கற்பிக்கும் முறையும் எழுதும் முறையும் ஒன்றாதல் வேண்டும் என்பது கோவிந்தசாமியாரின் கட்சி. ஆசிரியராக இருந்தவர் வேறெவ்வாறு கருதியிருத்தல் கூடும்? ஆயினும் தட்டச்சுக்காரர் வாதத்தை நாம் எள்ளற்கில்லை. பிழைப்பிற்காக விரல் பழக்கியவர்க்கு மாற்றமென்பது வருவாயிழப்பு.

வாதம் தனித்தனி அறைகளில் நிகழ்ந்தால் முடியாது என்று கண்ட அவர், 1997 மே மாதத்தில் சிங்கப்பூரில் தமிழ் இணைய மாநாடு கூடுதற்குக் காரணராயினார். தமிழகம், இலங்கை, மலேசியா, மேனாடுகள் ஆகியவற்றிலிருந்து வந்தவர் முதன்முறை ஒரே மன்றத்தில் எதிரெதிர் அமர்ந்தனர். அம்மன்றத்தில் ஒரு முடிவும் பிறந்திலது. தாம் ஆக்கிய கணியன் ஒன்றையே உலகு ஏற்கவேண்டும் என்று அவர் பிடிவாதமாக நின்றிருந்தால் மாநாடே கூடியிராது. தம் ஆக்கத்தையும் பிறர் ஆக்கத்தோடு ஒருங்கு வைத்து நோக்க இடங்கொடுத்தமையை நாம் அவருடைய நூல்களினும் பெரிதாக மதிக்கின்றோம்.

ஈராண்டு சென்று, 1999 பிப்ரவரியில், தமிழ்நாட்டரசு சென்னையில் தமிழ்நெட் 99 மாநாட்டை நடத்திற்று. உயிரெழுத்து இடக்கையிலும் மெய்யெழுத்துப் பெரும்பாலும் வலக்கையிலும் அமைந்த பலகை அங்கே ஏற்கப்பட்டது. ககரத்தை இருமுறை தட்டின் முன்னதற்குப் புள்ளி தானே வந்தமையும் சிறப்பு அதற்குண்டு. குறியேற்றத்திலோ ஒன்றன்று, இரண்டு முடிவாயின: தமிழோடு ஆங்கிலமும் எழுதுவோர்க்குத் தாப், தமிழ் மட்டும் எழுதுவோர்க்குத் தாம். இரண்டு வகுத்தமை வாதத்தைத் தணித்ததேயன்றித் தீர்த்ததன்று என்பது நம் கருத்து.

அம்மாநாடு முடிந்து நான்கு திங்கள் நிரம்புமுன், 1999 மே 26-ஆம் நாள், கோவிந்தசாமியார் தம் 53-ஆம் அகவையில் மறைந்தார். மறு ஆண்டு சிங்கப்பூரிலேயே உத்தமம் என்னும் பன்னாட்டு மன்றம் தோன்றி அவர் விட்ட பணியை மேற்கொண்டதை அவர் கண்டிலர். யூனிகோடு 1991-லேயே தமிழுக்கு இடந் தந்திருந்தும், அது எல்லாப் பொறிகளிலும் இயங்கத் தொடங்கியது பின்னரே. அதன் வரிசை நம் இலக்கணத்திற்கு முற்றும் ஒவ்வாதென்று குறைகூறியோர் பலர். தமிழ்நாட்டரசு 2010-இல் அதனையும், அதனுடன் 16 பிட் முறையொன்றையும் ஏற்றது. தாபும் தாமும் இன்று பழைய கோப்புக்களில் மட்டுமே உள்ளன. கணியனும் அவ்வாறே.

சென்ற கோடையில் நாம் மறுபடி உத்திரமேரூர்க்குச் சென்றபோது, அந்த டி.டி.பி. நிலையம் இருந்த இடத்தில் வேறொரு கடை இருந்தது. வாயிலில் தொங்கிய பலகையில் இணைய சேவை மையம் என்று நீல எழுத்தில் எழுதியிருந்தது. உள்ளே ஒரு சிறுமி தன் தந்தையாரின் விண்ணப்பத்தைத் தமிழில் தட்டிக்கொண்டிருந்தாள். அது எந்தப் பொறியிற் சென்று திறக்கப்படும் என்ற ஐயம் அவளுக்கு எழவில்லை.