இல்லினாய் சட்டசபையில் லிங்கன்

பெரியோர் வரலாற்றைப் பயிலும் நம்மிற் பலர், அவர்கள் எய்திய சிகரத்தையே நோக்கி வியந்து, அவர்கள் ஏறிவந்த படிகளை எண்ணாது விடுகின்றோம். அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைவராக இருந்து அடிமைத்தளையை அறுத்த ஆபிரகாம் லிங்கனை அறியாத மாணவர் நம் கல்லூரியில் இரார். ஆயினும், அவர் அப்பெரும் பதவியை அடைவதற்குப் பல்லாண்டுகட்கு முன்னரே இல்லினாய் என்னும் மாகாணத்தின் சட்டசபைக்கு அபேட்சகராக நின்று, ஒருமுறை தோற்று, பின்னர் நான்கு முறை தொடர்ந்து வென்றவர் என்பதைச் சிலரே நினைவிற் கொண்டுள்ளனர். அச்சபையில் அவர் கற்றது யாது என்பதையே ஈண்டு நாம் எடுத்துரைக்கப் புகுகின்றோம்.

1809ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள், கெண்டக்கி நாட்டில், மரக்கட்டைகளால் அமைந்த ஒரு சிறு குடிசையில் லிங்கன் பிறந்தார். ஒன்பதாம் வயதில் அன்னையை இழந்தார். பள்ளியில் அவர் பயின்ற காலமெல்லாம் சேர்ந்தும் ஓராண்டு நிரம்பாது. கோடரி பிடித்த கையோடு, கிடைத்த நூல்களை இரவல் பெற்றுக் கற்ற அவ்விளைஞர், 1831ஆம் ஆண்டில் சாங்கமன் ஆற்றங்கரையிலுள்ள நியூசேலம் என்னும் சிற்றூரை அடைந்து, ஒரு கடையில் ஊழியராக அமர்ந்தார். செல்வமும் குலப்பெருமையும் அற்ற அவர்க்கு அவ்வூரார் அன்பு ஒன்றே முதலாயிற்று.

அடுத்த ஆண்டிலேயே, தம் இருபத்து மூன்றாம் வயதில், சட்டசபைத் தேர்தலுக்கு நிற்கத் துணிந்தார். சாங்கமன் ஆற்றைப் படகுப் போக்குவரத்துக்கு ஏற்றதாகத் திருத்துதல், கொடுவட்டியைத் தடுத்தல், கல்வியைப் பரப்புதல் ஆகிய இவற்றை விளக்கி ஓர் அறிக்கையைச் செய்தித்தாளில் வெளியிட்டார். ஆனால் அவ்வமயம் செவ்விந்தியரோடு போர் மூண்டது. அவர் படையிற் சேர்ந்து, தம் குழுவினராலேயே தலைவராகத் தெரிந்தெடுக்கப்பெற்றுச் சென்றார். திரும்பி வந்தபோது தேர்தலுக்குச் சில நாட்களே எஞ்சியிருந்தன. நான்கு இடங்களுக்குப் பதின்மூவர் போட்டியிட்டனர். லிங்கன் 657 வாக்குகள் பெற்று எட்டாமவராய்த் தோல்வியுற்றார். ஆயினும் அவர் வாழ்ந்த நியூசேலம் வட்டாரத்தில் அளிக்கப்பெற்ற 300 வாக்குகளில் 277 அவர்க்கே கிடைத்தன. அக்காலத்தில் அம்மாகாணத்தில் மறைவாக வாக்களிக்கும் முறை இல்லை. வாக்காளர் அனைவரும் அறிய வாய்விட்டுப் பெயர் கூறல் வேண்டும். ஓராண்டே பழகிய ஏழை இளைஞர் ஒருவர் பெயரை ஊரார் ஏறக்குறைய அனைவரும் வெளிப்படையாய்க் கூறினர் எனின், அத்தோல்வியை முற்றிலும் தோல்வியென்று நாம் கூறவியலுமோ?

துன்பம் அத்துடன் நிற்கவில்லை. நண்பரொருவருடன் கூட்டாக அவர் நடத்திய கடை நொடித்தது. கூட்டாளி இறந்தபின் அவர் பங்குக் கடனையும் லிங்கனே தம் தலைமேல் ஏற்றார். மொத்தம் ஏறக்குறைய 1,100 டாலர். அஞ்சல் அலுவலராகவும் நில அளவையாளராகவும் உழைத்துப் பொருளீட்டினார். கடனுக்காக அவருடைய குதிரையும் அளவைக் கருவிகளும் ஏலத்தில் விற்கப்பட்டபொழுது, நண்பரொருவர் அவற்றை வாங்கி அவரிடமே திருப்பித் தந்தார். கடன் முழுவதையும் தீர்க்கப் பல்லாண்டுகள் சென்றன. எனினும் அவர் அதைத் தீர்த்தே விட்டார்.

1834ஆம் ஆண்டில் மீண்டும் நின்றார். அஞ்சற் பணியாலும் அளவைப் பணியாலும் வீடுதோறும் அறிமுகமாகியிருந்த அவர், இம்முறை 1,376 வாக்குகள் பெற்று இரண்டாமவராக வெற்றி எய்தினார். சபைக்குச் செல்லத் தக்க உடை வாங்கவும் கையிற் பொருளின்றி, கடன் பெற்றே தலைநகராகிய வண்டேலியாவுக்குப் புறப்பட்டார். முதற் கூட்டத்தில் அவர் பெரிதும் பேசவில்லை; கேட்டும் கண்டும் கற்றார். உடன் அங்கத்தினராகிய ஜான் ஸ்டுவர்ட் என்னும் வழக்கறிஞர் ஊக்க, சட்டநூல்களை அவரிடம் இரவல் வாங்கி, ஆசிரியரின்றித் தாமே பயின்று, 1836ஆம் ஆண்டில் வழக்கறிஞராகும் உரிமை பெற்றார்.

அவ்வாண்டுத் தேர்தலில் சாங்கமன் வட்டத்து அபேட்சகர் அனைவரினும் மிகுதியாக 1,716 வாக்குகள் லிங்கனுக்குக் கிடைத்தன. அவ்வட்டத்தினின்று இரு சபைகட்கும் சென்ற ஒன்பதின்மரும் நெடிய உருவினராதலின், அவர்களை நெடிய ஒன்பதின்மர் என்றே மக்கள் அழைத்தனர். தலைநகரை வண்டேலியாவினின்று தம் வட்டத்து ஸ்பிரிங்பீல்டுக்கு மாற்றுதலே அவர்கள் நோக்கம். அக்கூட்டத்திலேயே, இருப்புப்பாதைகளும் கால்வாய்களும் அமைத்தற்கு ஏறக்குறைய ஒரு கோடி டாலர் கடன் வாங்கும் பெருந்திட்டம் ஒன்றும் நிறைவேறியது. லிங்கன் அதை மனமார ஆதரித்தார். 1837ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் நாள் தலைநகரும் ஸ்பிரிங்பீல்டுக்கு உரித்தாயிற்று. வட்டத்தார் மகிழ்ந்து விருந்தளித்தனர்.

இவ்வாரவாரத்தினிடையே நிகழ்ந்த வேறொரு செய்தியை அன்று மதித்தோர் மிகச் சிலர். அடிமைமுறையை ஒழிக்கப் பாடுபடும் சங்கங்களை அடக்குமாறு தென்னாட்டு மாகாணங்கள் வடமாகாணங்களை வேண்டியிருந்தன. அவ்வாண்டு ஜனவரியில் இல்லினாய் சட்டசபை அச்சங்கங்களைக் கண்டித்தும், அடிமைகளை உடைமையாகக் கொள்ளுதல் அம்மாகாணங்களின் உரிமையென ஒப்பியும் தீர்மானம் செய்தது. பிரதிநிதிகள் சபையில் அதை ஆதரித்தோர் 77 பேர், எதிர்த்தோர் அறுவர். அவ்வறுவருள் லிங்கன் ஒருவர். பின்னர் மார்ச்சு 3ஆம் நாள், டான் ஸ்டோன் என்னும் அங்கத்தினர் ஒருவரோடு கையொப்பமிட்டுத் தம் மறுப்பைச் சபைக்குறிப்பில் பதிவு செய்வித்தார். அடிமைமுறை அநீதியும் தீய கொள்கையும் அடிப்படையாக எழுந்தது என்பது அம்மறுப்பின் கருத்து.

ஈண்டு நாம் உண்மையை மறைத்தல் கூடாது. அம்மறுப்பு அடிமைமுறையை உடனே ஒழிக்கக் கோரவில்லை. ஒழிப்பாளரின் கிளர்ச்சி தீமையை மிகுவிக்கும் என்றும், மாகாணங்களிலுள்ள அடிமைமுறையில் தலையிடக் காங்கிரசுக்கு அதிகாரமில்லை என்றும் அதுவே கூறிற்று. தீர்மானம் நிறைவேறிய பின் ஆறு வாரம் தாழ்த்தே அது வெளிவந்தது. தலைநகர் பற்றிய வாக்கெடுப்பு முடியுமட்டும் பிறர் ஆதரவை இழக்க அவர் அஞ்சினார் போலும் என்று கருத இடமுண்டு. எனினும், ஒழிப்பாளர் என்னும் பெயரே வசையாயிருந்த மாகாணத்தில், இருபத்தெட்டு வயதுடைய ஒருவர், எவரும் வற்புறுத்தாதிருக்கவும், தம் பெயரை அவ்வேட்டில் எழுதினார். அவ்வாண்டு நவம்பரிலேயே, அடிமைமுறையை எதிர்த்துப் பத்திரிகை நடத்திய எலைஜா லவ்ஜாய் என்னும் போதகர், அதே மாகாணத்து ஆல்ட்டன் நகரில் வெறிகொண்ட கூட்டத்தினராற் கொல்லப்பட்டார். இதனால் அக்கையொப்பத்தின் அருமையை நாம் உணரலாம்.

1838ஆம் ஆண்டிலும் லிங்கனே தம் வட்டத்தில் முதல்வராக வந்தார். ஆனால் பெருந்திட்டம் பாழாயிற்று. 1837ஆம் ஆண்டில் எழுந்த பணமுடையால் கடன் கிடைப்பது அரிதாயிற்று. தொடங்கிய பாதைகள் பெரும்பாலும் இடையிலே நின்றன. மாகாணம் வட்டி செலுத்தவும் வகையின்றித் தவித்தது. லிங்கன் திட்டத்தைக் கைவிட மனமின்றி இறுதிவரை தாங்கினார். 1840ஆம் ஆண்டுத் தேர்தலில் வென்ற ஐவருள் அவர் கடையரானார். அவ்வாண்டு டிசம்பரில், சபையில் போதிய எண் சேராதிருக்கச் செய்ய வேண்டி, அவரும் தோழர் சிலரும் சாளரத்தின் வழியே குதித்து வெளியேறினர். அதற்கு முன்னரே அவர்கள் வருகை எண்ணப்பட்டிருந்தமையின் அச்செயல் நகைப்புக்கே இடமாயிற்று. அவரும் நம்மைப்போற் பிழைபடும் மனிதரே.

அதன்பின் 1846ஆம் ஆண்டில் காங்கிரசுக்குத் தெரிந்தெடுக்கப்பெற்று, இரண்டாண்டு அங்கு அமர்ந்து, மீண்டும் வழக்கறிஞர் தொழிலை மேற்கொண்டார். அடிமைமுறை புதுநிலங்களிலும் பரவ வழிதிறந்த 1854ஆம் ஆண்டுச் சட்டம் அவரை அரசியலுக்கு மறுபடியும் அழைத்தது. அவ்வாண்டு இல்லினாய் சட்டசபைக்கு மீண்டும் தெரிந்தெடுக்கப்பட்டார். எனினும் செனட் சபைக்கு நிற்க விரும்பி அவ்விடத்தைத் துறந்தார். அக்காலத்தில் செனட்டரைத் தெரிந்தெடுப்போர் சட்டசபையினரே. 1855ஆம் ஆண்டு பிப்ரவரியில் நடந்த அத்தேர்தலின் முதற் சுற்றில் லிங்கனே முன்னின்றார்; லைமன் டிரம்பல் என்பவர்க்கு ஐந்தே வாக்குகள். ஆனால் சுற்றுகள் வளர வளர, எதிர்க்கொள்கையினர் வெல்லும் நிலை நெருங்கிற்று. அதுகண்ட லிங்கன் தம் நண்பர் அனைவரையும் டிரம்பலுக்கே வாக்களிக்குமாறு வேண்டினார். டிரம்பல் வென்றார். 1858ஆம் ஆண்டிலும் லிங்கன் செனட் பதவியை இழந்தார். 1860ஆம் ஆண்டில் நாட்டின் தலைவரானார்.

பத்தாண்டுகளுக்கு முன் அவர் விட்டுக்கொடுத்தது வீண்போகவில்லை. உள்நாட்டுப்போரின் நடுவில், நாடெங்கும் அடிமைமுறையை ஒழிக்கும் அரசியற் சட்டத் திருத்தம் எழுந்தபோது, செனட்டில் நீதிக்குழுவின் தலைவராக இருந்து அதை நடத்திச் சென்றவர் அதே டிரம்பல். 1865ஆம் ஆண்டு ஜனவரி 31ஆம் நாள் பிரதிநிதிகள் சபையும் அதை ஏற்றது. மறுநாளே அதற்கு முதன்முதல் இசைவளித்த மாகாணம் எது? இல்லினாய்! எழுபத்தெழுவர்க்கு எதிரே அறுவர் மட்டும் நின்ற அம்மாகாணச் சட்டசபையே இருபத்தெட்டு ஆண்டுகட்குப் பின் யாவர்க்கும் முன்னின்று கைதூக்கியது. அந்நற்செய்தியைக் கேட்கும் பேறு லிங்கனுக்குக் கிட்டியது. அதன்பின் மூன்று திங்கள் முடியுமுன், ஏப்ரல் 14ஆம் நாள், பெரிய வெள்ளிக்கிழமையன்று இரவு அவர் சுடப்பட்டார். மறுநாட் காலை உயிர் நீத்தார்.

வட்டத்தார் விருந்தளித்துக் கொண்டாடிய கோடி டாலர் திட்டம் சில ஆண்டுகளில் அழிந்தது. விருந்தும் வாழ்த்தும் பெறாது, இருவர் மட்டும் கையொப்பமிட்ட ஒரு தாளின் கருத்தோ நாட்டின் சட்டமாயிற்று. நம் கல்லூரிச் சங்கங்களிலும், நாளை நாம் சென்றமரும் வேறு சபைகளிலும் கைகளை எண்ணுங்கால் நாம் சிறுபான்மையராக நிற்க நேரிடலாம். அன்று எண்ணிக்கை குறைந்ததென்று கையை மடக்காதிருக்கும் உறுதியை இவ்வரலாறு நமக்கு அளிப்பதாக.