அலெக்சிஸ் சோயர்: போர்க்களத்துக்கு அடுப்புக் கொண்டுபோன சமையற்காரர்

சுவிற்சர்லாந்தில் இருக்கும் மச்சான் ஒருவர், இராணுவங்கள் கழித்துவிட்ட பொருட்களை விற்கும் கடையொன்றில் சுவீடன் இராணுவத்தின் பழைய சமையல் தொகுதியொன்றை வாங்கிப் படம் அனுப்பியிருந்தார். பித்தளையில் சின்னதாய் ஒரு ஸ்பிரிட் அடுப்பு, அதைச் சுற்றிக் காற்றுத் தடுப்பு, மேலே ஒரு பாத்திரம், அதன் மூடியே சாப்பிடும் தட்டு. எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று அடங்கிவிடும். கோடை விடுமுறையில் மலைக்குப் போகிறவர்கள் இவற்றைத் தேடித் தேடி வாங்குகிறார்களாம்.

போரைப் பார்த்த எங்களுக்கு இராணுவத்தின் பாத்திரத்தில் உல்லாசமாகத் தேநீர் வைப்பது கொஞ்சம் விசித்திரமாகத்தான் இருக்கும். ஆனால் ஒரு சிப்பாய் எதில் சமைக்கிறான், எதை எரித்துச் சமைக்கிறான் என்று முதலில் யார் கவலைப்பட்டிருப்பார்கள் என்ற கேள்வி எனக்குள் தங்கிவிட்டது. தேடிப்போனபோது கிடைத்த பெயர்களில் மறக்க முடியாதது அலெக்சிஸ் சோயர்.

1810இல் பிரான்சின் மோ நகரில் பிறந்தவர். பரிஸில் சமையல் பழகி, 1830ஆம் ஆண்டுப் புரட்சிக்குப் பின்னர் இங்கிலாந்துக்குப் போய், 1837இல் லண்டனின் ரிஃபோர்ம் கிளப்பில் தலைமைச் சமையற்காரரானார். அங்கே அவர் அமைத்த குசினியைப் பார்க்கவே ஆட்கள் வந்தார்கள். எரிவாயு அடுப்பு அபூர்வமாயிருந்த அந்தக் காலத்தில், தேவைக்கேற்பத் தீயைக் கூட்டிக் குறைக்கும் எரிவாயு அடுப்புகளை அங்கே பொருத்தினார். ஆடம்பரமாக உடுத்துவார். விளம்பரத்தில் விருப்பம் அதிகம். மனைவி எம்மா ஓவியர். 1842இல் பிரசவ வேளையில் இறந்துபோனார். அவருக்காக லண்டன் கென்சல் கிறீன் மயானத்தில் சோயர் பெரிய நினைவுச்சின்னம் ஒன்றை எழுப்பினார்.

பணக்காரருக்குச் சமைத்தவரை ஏழைகளிடம் கொண்டுபோனது அயர்லாந்துப் பஞ்சம். அரசின் அழைப்பில் 1847 ஏப்ரலில் டப்ளின் நகரில் ஒரு கஞ்சித்தொட்டியைத் திறந்தார். அதன் ஒழுங்கமைப்பு ஓர் ஆலையைப் போன்றது. மணியடித்தால் நூறு பேர் உள்ளே போவார்கள். மேசையில் கிண்ணம் இருக்கும். கரண்டி சங்கிலியால் கட்டப்பட்டிருக்கும். சில நிமிடங்களில் குடித்துவிட்டு, வெளியே போகும்போது ஒரு துண்டுப் பாணை வாங்கிக்கொண்டு நடக்கவேண்டும். அடுத்த மணிக்கு அடுத்த நூறு பேர். நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கானோர் இப்படிச் சாப்பிட்டார்கள்.

சூப்பு தண்ணீர்தான். ஏறத்தாழ ஒன்பது லீற்றர் தண்ணீருக்கு 113 கிராம் இறைச்சி, கொஞ்சம் மா, பார்லி, வெங்காயம். இதில் மனிதர் உயிர்வாழ முடியாது என்று வைத்தியர்கள் அப்போதே கண்டித்தார்கள். அரிசியும் தண்ணீரும் உப்பும் மட்டுமே உள்ள கஞ்சி எத்தனை உயிரைப் பிடித்துவைத்தது என்று அறிந்த எங்களுக்குத் தண்ணிச் சூப்பைப் பழிக்க வாய் வராது. எனக்குப் பொறுக்காதது வேறொன்று. திறப்பு நாளில் டப்ளினின் சீமான்களும் சீமாட்டிகளும் ஐந்து சில்லிங் கட்டணம் கொடுத்து, பட்டினி கிடந்தவர்கள் குடிப்பதைப் பார்க்க வந்தார்கள். அந்தக் காசும் ஏழைகளுக்கென்றே சொல்லப்பட்டது. அதனால் என்ன? கோப்பையோடு வரிசையில் நிற்கையில் யாரோ கமெராவை நீட்டிய அனுபவம் இதை வாசிக்கும் பலருக்கு இருக்கும். சோயரின் வாழ்க்கையை எழுதுகிறவர்கள் இந்த இடத்தைத் தாண்டி ஓடக்கூடாது.

இரண்டொரு வருடங்களில் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்ததுதான் ‘மந்திர அடுப்பு’. மேசைமேல் வைத்துச் சமைக்கக்கூடிய சின்ன ஸ்பிரிட் அடுப்பு. பெற்றோல்மாக்ஸ் கொளுத்தியவர்களுக்கு இதன் தத்துவம் இலகுவில் விளங்கும். எண்ணெயை ஆவியாக்க முதலில் கொஞ்சம் ஸ்பிரிட் ஊற்றிக் கொளுத்துவோமல்லவா? சோயரின் அடுப்பில் எரிபொருளும் ஸ்பிரிட்தான். ஒரு சிறு சுடர் ஸ்பிரிட்டைச் சூடாக்கும். அதன் ஆவி துவாரத்தால் பாய்ந்து, சட்டிக்குக் கீழே பலமான சுடராக எரியும்.

மச்சானின் அடுப்பு அதைவிட எளிமையானது. திரியில்லை, பம்ப் இல்லை, சத்தமில்லை. ஊற்றிக் கொளுத்தினால் ஒரு நிமிடத்தில் தன் சூட்டாலேயே ஆவியாகிச் சுற்றிவர எரியும். பழுதாக அதில் ஒன்றுமில்லை என்பதால்தான் குளிர்நாட்டு இராணுவம் அதை விரும்பியது. குறைகளும் உண்டு. ஒரே நிறை மண்ணெண்ணெயோடு ஒப்பிட்டால் ஸ்பிரிட்டின் வெப்பம் மூன்றில் இரண்டுக்கும் குறைவு. ஆகவே ஒரு குடும்பத்துச் சோற்றுக்கு அது சரிவராது, இருவரின் தேநீருக்குச் சரி. பகல் வெளிச்சத்தில் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டதென்று நினைத்து மேலும் ஊற்றித்தான் பலர் எரிகாயப்படுகிறார்கள். அணைத்து, ஆறவிட்டுத்தான் ஊற்றவேண்டும். மூடிய கூடாரத்துக்குள் எந்த அடுப்பும் ஆபத்து. பழையதை வாங்குகிறவர் மூடியிலுள்ள றப்பர் வளையம் வெடித்திருக்கிறதா, பித்தளை எங்காவது கசிகிறதா, காற்றுத் தடுப்பு நெளியாமல் பாத்திரத்தோடு பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும். காற்றுத் தடுப்பு இல்லாத ஸ்பிரிட் அடுப்பு வெட்டவெளியில் வீண்.

சோயரின் பெயரை நிலைக்கவைத்தது மந்திர அடுப்பல்ல, கிரைமியப் போர். 1854–55 குளிர்காலத்தில் செவஸ்தபோலைச் சுற்றி முகாமிட்டிருந்த பிரித்தானியச் சிப்பாய்களுக்கு உப்பிட்ட இறைச்சியும் வறுக்காத பச்சைக் கோப்பிக்கொட்டையும் கொடுக்கப்பட்டன. வறுக்கச் சட்டியில்லை, அரைக்க எதுவுமில்லை, எரிக்க விறகில்லை. மரங்களை வெட்டி முடித்து, வேர்களைக் கிண்டி எடுத்தார்கள். பதுங்குகுழியிலிருந்து களைத்து வரும் ஒவ்வொருவனும் தன் தகரப் பாத்திரத்தில் தனித்தனியாகச் சமைக்கவேண்டும். பலர் பச்சையாகவே தின்றார்கள். நிவாரணத்துக்கு மாவும் பருப்பும் தந்துவிட்டு, விறகைப் பற்றி யாரும் பேசாத முகாம்களில் இருந்தவர்களுக்கு இது விளங்கும். அந்தப் போரில் செத்த பிரித்தானியச் சிப்பாய்களில் பெரும்பாலானோரைக் கொன்றது நோய், குண்டல்ல.

பத்திரிகைகளில் இந்த அவலத்தை வாசித்த சோயர், 1855 பெப்ரவரியில், தன் சொந்தச் செலவில் போய் இராணுவ வைத்தியசாலைகளின் சமையலைச் சீர்செய்யத் தயார் என்று அறிவித்தார். மார்ச்சில் துருக்கியின் ஸ்குட்டாரி வைத்தியசாலைக்குப் போய்ச் சேர்ந்தார். புளோரன்ஸ் நைற்றிங்கேல் அங்கே ஏற்கனவே வேலை செய்துகொண்டிருந்தார்.

அங்கே கண்டதை வாசிக்கும்போது சிரிப்பும் வருகிறது, கோபமும் வருகிறது. ஒவ்வொரு பிரிவும் தன் இறைச்சியை அடையாளம் காண, கந்தைத்துணி, பழைய பொத்தான், ஆணி என்று கிடைத்ததைக் கட்டிக் கொதிக்கும் கிடாரத்தில் போட்டது. முதலில் எடுத்தது வேகாமல் இருக்கும், கடைசியாய் எடுத்தது குழைந்திருக்கும். சத்தெல்லாம் இறங்கிய தண்ணீரை வெளியே ஊற்றினார்கள். சோயர் அந்தத் தண்ணீரை ஊற்றவிடவில்லை. அதையே சூப்பாக்கினார், மேலே மிதந்த கொழுப்பை எடுத்துச் சமையலுக்குச் சேமித்தார். செப்புக் கிடாரங்களில் ஈயம் தேய்ந்துபோயிருப்பதைக் கண்டு திரும்பப் பூசுவித்தார். புதிய பண்டம் எதையும் அவர் கேட்கவில்லை. இருந்த பங்கீட்டையே சரியாக வேகவைத்தார், சிப்பாய்களுக்குச் சமைக்கப் பழக்கினார். டப்ளினில் தூரத்திலிருந்து கணக்குப் போட்ட மனிதர் இங்கே நோயாளியின் கட்டிலுக்கும் கிடாரத்துக்கும் இடையில் நாள் முழுக்க நின்றார். அவரை எனக்குப் பிடித்துப்போனது இங்கேதான்.

மே மாதத்தில் நைற்றிங்கேலோடு கிரைமியாவுக்குக் கடந்தார். அங்கேதான் அவருடைய கள அடுப்பு பயன்பாட்டுக்கு வந்தது. பீப்பாய் போன்ற இரும்பு உருளை. கீழே தீ, மேலே ஏறத்தாழ 50 பேருக்குப் போதுமான கிடாரம், பக்கத்தில் புகைபோக்கி. தீ மூடிக்கிடப்பதால் மழையிலும் காற்றிலும் எரியும், எதிரிக்கு வெளிச்சம் தெரியாது. விறகு, நிலக்கரி, காய்ந்த சாணம் எதையும் போடலாம். கோவேறு கழுதையொன்றில் இரண்டை ஏற்றிச் செல்லலாம். ஐம்பது பேர் ஐம்பது தீ மூட்டுவதற்குப் பதிலாக ஒரே தீ. விறகுச் செலவு பல மடங்கு குறைந்தது. 1855 ஓகஸ்ட் 27 அன்று தளபதிகளை அழைத்துப் படைமுகாமிலேயே சமைத்துக் காட்டினார். இரண்டு வாரங்களில் செவஸ்தபோல் வீழ்ந்தது. அந்த அடுப்புக்கு அவர் காப்புரிமை எடுக்கவில்லை. மந்திர அடுப்பை அத்தனை ஆரவாரமாக விற்ற மனிதர், போரில் காசு பார்த்தார் என்ற பேரை விரும்பவில்லை.

அவரும் அங்கே காய்ச்சலில் விழுந்தார், பழைய உடல்நலம் திரும்பவில்லை. 1857இல் தன் போர்க்களச் சமையல் அனுபவங்களைப் புத்தகமாக்கினார். லண்டன் வெலிங்ரன் படைமுகாமில் அவர் திட்டமிட்ட மாதிரிக் குசினி 1858 கோடையில் திறக்கப்பட்டது. அதற்குச் சில நாட்களில், ஓகஸ்ட் 5 அன்று, 48 வயதில் இறந்தார். உடைமைகள் கடன்காரரிடம் போயின. எம்மாவுக்கு எழுப்பிய நினைவுச்சின்னத்தின் கீழேயே அவரும் புதைக்கப்பட்டார். அவருடைய கள அடுப்பைப் பிரித்தானிய இராணுவம் சிறுசிறு மாற்றங்களோடு அடுத்த நூற்றாண்டிலும் வெகுகாலம் மூட்டிக்கொண்டிருந்தது.