முழுதும் தர மறுத்த வள்ளல்

அமெரிக்க நாட்டின் இல்லினாய் மாநிலத்தில் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில் 1862ஆம் ஆண்டு ஆகஸ்டு 12ஆம் நாள் பிறந்தவர் ஜூலியஸ் ரோசன்வால்டு. ஜெர்மனியிலிருந்து குடியேறிய யூத வணிகரின் மைந்தர். உயர்நிலைப் பள்ளிப் படிப்பையும் முடிக்காது ஆயத்த ஆடைத் தொழிலில் புகுந்த அவர், அஞ்சல்வழி வணிகத்தில் பெயர்பெற்ற சியர்ஸ் ரோபக் நிறுவனத்திற்கு 1908 முதல் 1924 வரை தலைவராக விளங்கினார்.

1911இல் கறுப்பின மக்களின் கல்வித் தலைவர் புக்கர் டி. வாஷிங்டனை அவர் சந்தித்தார். அந்நாளில் தென்மாநிலச் சிற்றூர்களில் அம்மக்களின் குழந்தைகள் தேவாலயங்களிலும் ஒழுகும் குடில்களிலும் பயின்றனர். பெற்றோர் வரி செலுத்தினர். பள்ளிப் பணமோ பெரிதும் வெள்ளையர் பள்ளிகளுக்கே சென்றது. 1912இல், தம் ஐம்பதாம் பிறந்தநாளையொட்டி, வாஷிங்டனின் டஸ்கீகி கல்விக்கழகத்திற்கு ரோசன்வால்டு 25,000 டாலர் வழங்கினார். அதில் மீந்த சிறு தொகையைக் கொண்டு அலபாமாவில் ஆறு பள்ளிகள் எழுந்தன. அவையே வித்து.

பள்ளியை முழுதாகக் கட்டித்தர ரோசன்வால்டு இசையவில்லை. ஊரார் தம் பங்கைத் திரட்ட வேண்டும். மாவட்டக் கல்வி வாரியமும் பணம் தந்து, கட்டடத்தைப் பொதுப்பள்ளியாக ஏற்றுப் பேண வேண்டும். இதுவே அவர் விதித்த நிபந்தனை. மக்கள் நிலம் தந்தனர், மரம் தந்தனர், பள்ளிக்கென்றே பருத்தி விளைவித்தனர். பொலிஜி என்னும் ஊரில், அடிமை நாளைக் கண்டிருந்த முதியவர் ஒருவர், வாழ்நாள் சேமிப்பான 38 டாலரை அழுக்கேறிய பையிலிருந்து மேசைமீது கொட்டினார்.

1932க்குள் 15 மாநிலங்களில் 4,977 பள்ளிகள் எழுந்தன. ஆசிரியர் இல்லங்களும் தொழிற்கூடங்களும் சேர, மொத்தச் செலவு ஏறத்தாழ 2 கோடியே 84 லட்சம் டாலர். அதில் பொதுவரிப் பணம் 1 கோடியே 81 லட்சம். ரோசன்வால்டு நிதியம் தந்தது சுமார் 43 லட்சம். கறுப்பின மக்கள் தந்ததோ 47 லட்சம். செல்வரைவிட ஏழையர் மிகுதியாக ஈந்தனர் என்பதே கணக்கு கூறும் உண்மை.

இதில் ஒரு குறையும் உண்டு. ஏற்கெனவே வரி செலுத்தியோர் தம் குழந்தைகளுக்காக மீண்டும் ஒருமுறை செலுத்த நேர்ந்தது. இனப்பிரிவினையை இத்திட்டம் எதிர்க்கவில்லை. அதனுள் நின்றே பணியாற்றியது. ஆயினும், கை விரிக்கவே பழகியிருந்த வாரியங்களைக் கறுப்பினக் குழந்தைகளுக்காகப் பணப்பெட்டியைத் திறக்கச் செய்தது அந்த நிபந்தனையே.

கவிஞர் லாங்ஸ்டன் ஹியூசும் அந்நிதியத்தின் உதவித்தொகை பெற்றவர். 1932 ஜனவரி 6ஆம் நாள் ரோசன்வால்டு மறைந்தார். நிதி என்றென்றும் நிலைக்கலாகாது என்ற அவர் விருப்பப்படி, 1948இல் நிதியம் தன் பொருள் அனைத்தையும் செலவிட்டு முடித்துக்கொண்டது. 1954இல் பிரிவினைப் பள்ளி சட்டத்திற்கு முரணானது என உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபின், அக்கட்டடங்களுள் பல கைவிடப்பட்டன. எஞ்சியவற்றை அங்குப் பயின்றோரும் அவர்தம் மரபினரும் மீண்டும் பணம் திரட்டிப் புதுப்பித்து வருகின்றனர்.