வழித்துணை

பாண்டி நாட்டுத் திருச்சுழியில் 1879-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30-ஆம் நாள் வேங்கடராமன் பிறந்தார். பின்னாளில் உலகம் அவரை ரமண மகரிஷி என்று போற்றியது. இளமையில் தந்தையை இழந்த அவர், மதுரையில் சிற்றப்பாவின் இல்லத்தில் தங்கிக் கல்வி பயின்றார். பதினாறு வயது நிரம்பியபோது அவருள்ளம் அண்ணாமலையையே நாடி நின்றது.

1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், தமையனாரின் கல்லூரிச் சம்பளத்திற்கென அளிக்கப்பெற்ற ஐந்து ரூபாயுள் மூன்றை எடுத்துக்கொண்டார். எஞ்சியதைக் கடிதத்துடன் வைத்துவிட்டு, ஒருவருக்கும் உரையாமல் புறப்பட்டார். பழைய நிலப்படம் ஒன்றை நம்பித் திண்டிவனத்திற்குச் சீட்டு வாங்கினார். அங்கு இறங்கியிருப்பின், செஞ்சி, கீழ்பென்னாத்தூர் வழியாக 60 கிலோமீட்டருக்கு மேல் நடக்க நேர்ந்திருக்கும். உடன் வந்த முதிய மௌல்வி ஒருவர், விழுப்புரத்தில் வண்டி மாறினால் திருவண்ணாமலைக்கே செல்லலாம் என்று வழிகாட்டினார்.

விழுப்புரத்தில் அவரிடம் இருந்தது இரண்டரை அணாவே. உணவு விடுதியில் உண்டபின் இரண்டணாவை நீட்டினார். விடுதிக்காரர் அவருடைய கையிருப்பைக் கேட்டறிந்து, காசு பெற மறுத்துவிட்டார். அக்காசு மாம்பழப்பட்டு வரை இரயிலில் செல்ல உதவியது. அதன்பின் நடந்தே அறையணிநல்லூரை அடைந்து, அங்கிருந்து திருக்கோவலூர்க் கீழையூர் வீரட்டேசுவரர் கோயிலுக்குச் சென்றார். பசியால் வருந்தி அன்னம் வேண்டியபோது கோயிலார் மறுத்தனர். அதனைக் கேட்ட மேளக்காரர், தமக்குரிய சோற்றை அவருக்கு அளிக்கச் செய்தார்.

மறுநாள் கோகுலாஷ்டமி. முத்துகிருஷ்ண பாகவதர் இல்லத்தில் அவருக்கு வயிறார உணவு படைத்தனர். அவருடைய காதணிகளை ஈடாகப் பெற்றுக்கொண்டு, பாகவதர் நான்கு ரூபாய் கொடுத்தார். கண்ணனுக்கென ஆக்கிய பலகாரங்களை, பூசை நிகழுமுன்னரே, அவ்வீட்டு அம்மையார் பொதிந்து கொடுத்தார். செப்டம்பர் 1-ஆம் நாள் காலையில் வேங்கடராமன் திருவண்ணாமலை சேர்ந்தார்.

அங்கே பாதாள லிங்கக் குகையில் தம்மை மறந்து அமர்ந்திருந்தார். பூச்சிகள் அரித்துத் தொடைகள் புண்ணாயின; அதனையும் அவர் உணரவில்லை. வேங்கடாசல முதலியாரும் பிறரும் அவரை வெளியே தூக்கிவந்து காத்தனர்.

பிற்காலத்தில் அவருடைய ஆசிரமத்திற்கு வந்தோர் அனைவருக்கும் உணவு அளிக்கப்பட்டது. மகரிஷி தாமே அடுக்களையில் அமர்ந்து காய்கறி நறுக்குவார். பந்தியில் பிறருக்கு இல்லாத எதனையும் தமக்குப் பரிமாற விடார். 1950-ஆம் ஆண்டு ஏப்ரல் 14-ஆம் நாள் அவர் மறைந்தார்.

வழியில் உதவியோருள் எவரும் அவரை ஞானி என்று அறிந்து உதவவில்லை. பசித்து வந்த சிறுவன் ஒருவனைக் கண்டார்கள். தம்மால் இயன்றதைச் செய்தார்கள். மதுரையிலிருந்து அண்ணாமலை வரை அவரைக் கொண்டு சேர்த்தது அவ்வன்பே.