பனியாற்றுக்கு வழிகாட்டியவர்கள்

அலாஸ்காவின் தென்கிழக்குக் கடலோரத்தில் ஒரு வார காலம் கப்பலில் சென்றுவந்தேன். கெட்சிகன், ஜூனோ, ஸ்காக்வே ஆகிய பழைய துறைமுக ஊர்களைக் கண்டபின், கப்பல் கிளேசியர் பே என்னும் விரிகுடாவுக்குள் நுழைந்தது. இருபுறமும் செங்குத்தான மலைகள். நடுவே, பனியாறு குடைந்த பள்ளத்தில் கடல் புகுந்து உருவான ஆழமான நீர்வழி. இத்தகைய நீர்வழியை ஃபியார்டு என்பர். அதன் கோடியில் மார்ஜரி பனியாறு நீலச் சுவராக நின்றது. அதிலிருந்து ஒரு பெரும் துண்டு சரிந்து கடலில் விழுந்தது. ஓசை சற்றுக் கழித்தே எங்களை எட்டியது.

கப்பலுக்கு வந்திருந்த தேசியப் பூங்கா அலுவலர் அந்த விரிகுடாவின் வரலாற்றை ஒலிபெருக்கியில் விளக்கினார். அதில் திரும்பத் திரும்ப வந்த பெயர் ஜான் மியூர். ஊர் திரும்பியபின் அவருடைய வாழ்க்கையைத் தேடிப் படித்தேன். பொருளியல் வகுப்புகளில் நான் பல ஆண்டுகள் நடத்திய ஒரு பாடத்தை அது மீண்டும் எண்ணிப் பார்க்க வைத்தது.

மியூர் ஸ்காட்லாந்தின் டன்பார் என்னும் கடற்கரை ஊரில் 1838-ஆம் ஆண்டு பிறந்தவர். 11 வயதில் குடும்பத்துடன் அமெரிக்காவில் குடியேறி, விஸ்கான்சின் காட்டைத் திருத்தி உருவாக்கிய பண்ணையில் கண்டிப்பான தந்தையின்கீழ் உழைத்து வளர்ந்தார். இயந்திரங்களை உருவாக்குவதில் அவருக்கு இயல்பான திறமை இருந்தது. 1867-இல் இண்டியானாபொலிஸ் நகரத்துத் தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டிருந்தபோது அரம் ஒன்று தெறித்து வலக்கண்ணில் பாய்ந்தது. சில நாள்கள் இரு கண்களுமே பார்வை இழந்தன. இருட்டறையில் வாரக்கணக்கில் கிடந்து பார்வை மீண்டதும், தொழிற்சாலையைத் துறந்தார். அதே ஆண்டு கென்டக்கியிலிருந்து மெக்ஸிகோ வளைகுடா வரை ஏறத்தாழ ஆயிரம் மைல் நடந்தார். மறு ஆண்டு கலிபோர்னியாவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கை அடைந்தார்.

அப்பள்ளத்தாக்கு நிலம் திடீரெனச் சரிந்ததால் உருவானது என்பது, கலிபோர்னியாவின் நில ஆய்வுத் தலைவராக இருந்த ஜோசையா விட்னியின் கருத்து. முறையான பட்டம் பெறாத மியூரோ, அதைச் செதுக்கியவை பனியாறுகளே என்று வாதிட்டார். 1871-இல் அம்மலைத்தொடரில் உயிருள்ள பனியாறு ஒன்றையும் கண்டறிந்தார். பனியாறுகள் நிலத்தைச் செதுக்கும் பணியைப் பேரளவில் நேரில் காணும் வேட்கையே 1879-இல் அவரை அலாஸ்காவுக்கு இழுத்துச் சென்றது.

கோடையில் ஃபோர்ட் ரேங்கல் துறைமுகத்தில் வந்திறங்கிய அவர், அக்டோபரில் ஹால் யங் என்ற மதபோதகருடன் மரப்படகில் வடக்கே புறப்பட்டார். அப்படகைச் செலுத்தியவர் டயாட்டி என்ற டிலிங்கிட் பழங்குடித் தலைவர். அவருடைய இனத்தார் மூவரும் உடன் சென்றனர். மியூரிடம் இருந்தது 1794-இல் வான்கூவர் குழுவினர் வரைந்த வரைபடம். அதில் இந்த விரிகுடாவே இல்லை. அப்போது அங்கே நின்றது ஒரு பனிச்சுவர். இடைப்பட்ட 85 ஆண்டுகளில் அது 40 மைல்களுக்கு மேல் பின்வாங்கியிருந்தது. படகில் வந்த ஓர் இளைஞர் சிறுவயதில் அங்கே கடல்நாய் வேட்டைக்குச் சென்றவர். வழியில் ஹூனா டிலிங்கிட் முகாம் ஒன்றிலிருந்தும் வழிகாட்டி ஒருவர் சேர்ந்துகொண்டார். ஆக, மியூர் அந்த விரிகுடாவைக் கண்டுபிடித்தார் என்பது முழு உண்மையன்று. அவர் அழைத்துச் செல்லப்பட்டார் என்பதே பொருந்தும். டயாட்டி அடுத்த சில மாதங்களிலேயே, தம் ஊரில் மூண்ட மோதலை நிறுத்த முயன்றபோது சுட்டுக் கொல்லப்பட்டார்.

மியூர் தம் பயணத்தை சான் பிரான்சிஸ்கோ நாளிதழ் ஒன்றுக்குக் கடிதங்களாக எழுதினார். அவற்றைப் படித்த மக்களிடம் ஆவல் எழுந்தது. 1883-இல் ஐடஹோ என்ற நீராவிக் கப்பல் பயணிகளுடன் விரிகுடாவுக்குள் சென்றது. அதன்பின் ஆண்டுதோறும் கோடையில் கப்பல்கள் வரத் தொடங்கின. நான் மேற்கொண்ட உல்லாசப் பயணத்தின் மூலம் அதுதான். 1899-இல் இரயில்வே செல்வந்தர் எட்வர்டு ஹாரிமன் அறிஞர் பலரைத் திரட்டிக்கொண்டு தனிக்கப்பலில் அலாஸ்கா சென்றபோது, அதில் மியூரும் இருந்தார். அவ்வாண்டு செப்டம்பரில் ஏற்பட்ட பெரும் நிலநடுக்கம் பனியாற்றின் முகப்பைத் தகர்த்து, விரிகுடாவை மிதக்கும் பனிக்கட்டிகளால் நிரப்பியது. உல்லாசக் கப்பல்கள் பல ஆண்டுகள் உள்ளே செல்ல முடியவில்லை.

மியூரை உலகியல் அறியாத துறவியாகக் கருதுவது தவறு. 1880-இல் திருமணம் செய்துகொண்ட அவர், கலிபோர்னியாவின் மார்டினெஸில் மாமனாரின் பழத்தோட்டங்களை ஏற்று நடத்தி, நன்கு பொருளீட்டினார். கணக்குப் பார்க்கத் தெரிந்த அவர், கணக்கில் வராதவற்றுக்கும் மதிப்புண்டு என்றார். அவருடைய எழுத்தும் முயற்சியும் 1890-இல் யோசெமிட்டி தேசியப் பூங்கா உருவாகத் துணைநின்றன. 1892-இல் சியரா கிளப்பை நிறுவினார். 1903-இல் குடியரசுத் தலைவர் தியோடர் ரூஸ்வெல்ட் அவருடன் யோசெமிட்டி காட்டில் மூன்று இரவுகள் தங்கினார்.

அவருடைய கடைசிப் போராட்டம் தோல்வியில் முடிந்தது. யோசெமிட்டி பூங்காவுக்குள் இருந்த ஹெட்ச் ஹெட்சி பள்ளத்தாக்கில் அணை கட்டி நீரெடுக்க சான் பிரான்சிஸ்கோ நகரம் விரும்பியது. 1906 நிலநடுக்கத்திலும் தீயிலும் அழிந்து மீண்ட நகரத்துக்கு நீர் தேவை என்பதை மறுக்க இயலாது. நீரின் பயனை எண்ணிக்கையில் காட்ட முடிந்தது. பள்ளத்தாக்கின் மதிப்பை அவ்வாறு காட்ட முடியவில்லை. 1913 டிசம்பரில் அணைக்கான சட்டம் நிறைவேறியது. மறு ஆண்டு டிசம்பர் 24 அன்று, லாஸ் ஏஞ்சலிஸ் மருத்துவமனையில் நிமோனியா காய்ச்சலால் மியூர் மறைந்தார்.

அவர் விரும்பிய பாதுகாப்பு அலாஸ்கா விரிகுடாவுக்கு 1925-இல் தேசிய நினைவிடமாகவும், 1980-இல் தேசியப் பூங்காவாகவும் கிடைத்தது. இன்று ஒரு நாளில் இரண்டு பெரிய உல்லாசக் கப்பல்களுக்கு மேல் உள்ளே செல்ல அனுமதியில்லை.

பொதுவளம் அனைவருக்கும் திறந்திருந்தால் அழியும்; ஆகவே வரம்பு வேண்டும் என்பதே நான் வகுப்பில் நடத்திய பாடம். கிளேசியர் பே அதற்கு நல்ல சான்று. ஆனால், வரம்பை யார் மீது விதித்தோம் என்ற கேள்வியை நான் மாணவர்களிடம் போதிய அளவு எழுப்பவில்லை என்பதை அங்கே உணர்ந்தேன்.

ஹூனா டிலிங்கிட் மக்களின் தாயகம் இந்த விரிகுடா. 18-ஆம் நூற்றாண்டில் முன்னேறிவந்த பனியாறு அவர்களின் ஊர்களை விழுங்கியது. பனி பின்வாங்கியதும் வேட்டைக்கும் உணவு சேகரிக்கவும் அவர்கள் திரும்பினர். பின்னர் பூங்காவின் விதிகள் அவர்களைத் தடுத்தன. தலைமுறைகளாகக் கடற்காகத்தின் முட்டைகளைச் சேகரித்துவந்த அவர்களிடம் ஒரு நெறி இருந்தது. ஒன்று அல்லது இரண்டு முட்டைகள் உள்ள கூட்டிலிருந்து எடுப்பர். பறவை மீண்டும் இடும். மூன்று முட்டைகள் நிறைந்த கூட்டைத் தொடமாட்டார்கள். பொதுவளத்தைப் பயன்படுத்துவோரே அதைக் காக்கவும் வல்லவர் என்று காட்டி 2009-இல் நோபல் பரிசு பெற்ற எலினார் ஆஸ்ட்ரம் இதைவிட நல்ல எடுத்துக்காட்டைத் தேடியிருக்க முடியாது. அந்த முட்டை சேகரிப்பை மீண்டும் அனுமதிக்கும் சட்டம் 2014-இல்தான் வந்தது. 2016-இல் பூங்காவின் கரையில் அவர்களுக்கான மரபுவழி இல்லமும் எழுந்தது.

மனிதர் தடம் படாத இயற்கையை மியூர் போற்றினார். அந்த நிலங்களில் முன்பே வாழ்ந்தவர்களுக்கு அவருடைய கனவில் போதிய இடமில்லை. தமக்குப் படகு செலுத்தியவர்களை மதித்தவரிடமே இக்குறை இருந்தது என்பது நமக்கும் எச்சரிக்கை. அதனால் அவர் ஆற்றிய தொண்டு சிறுத்துவிடாது. அவர் எழுதாமல் இருந்திருந்தால் காக்க வேண்டும் என்ற எண்ணமே தாமதித்திருக்கும்.

அவர் பெயரைத் தாங்கிய மியூர் பனியாறு இன்று கடலைத் தொடுவதில்லை, மலைக்குள் ஒடுங்கிவிட்டது. அவர் கண்ட பின்வாங்கல் இயற்கையின் போக்கு. நம் காலத்தில் உலகெங்கும் பனி உருகுவதில் நம் எரிபொருளுக்கும் பங்குண்டு. நான் சென்ற கப்பலும் எரிபொருளில்தான் ஓடியது. பயணச்சீட்டின் விலையில் அந்தச் செலவு சேர்க்கப்படவில்லை என்பதை, பொருளியல் படித்தவன் என்ற முறையில், நான் சொல்லியாக வேண்டும்.